பேரப்பிள்ளைக்குத் திருநீறு பூசலாமா?

கேள்வி: எனக்கு வயது 54. திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு சிற்றூர். கணவர் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். மகளுக்கு 27 வயது. மதுரையில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறாள். அங்கேயே வேலை பார்க்கும் பையனைத் திருமணம் செய்துகொள்ள விரும்புவதாக இரண்டு மாதங்களுக்கு முன் சொன்னாள். பையன் தங்கமானவன், எங்கள் சமுதாயம்தான். ஆனால் அவர்கள் மூன்று தலைமுறைக்கு முன்பே வேதத்தில் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பம். அன்று முதல் என் கணவர் மகளிடம் பேசுவதில்லை. இரவு ஒன்பது மணி விவாதத்தைப் பார்த்துவிட்டு, "மதம் மாறிக் கல்யாணம் செய்தால் இப்போதெல்லாம் ஜெயில்தான்" என்கிறார். பெங்களூரில் இருக்கும் மகன் வாட்ஸ்அப்பில் தினமும் ஏதாவது அனுப்புகிறான். "ஊரில் நாலு பேரை வைத்துப் பேசிக்கொள்கிறேன்" என்றும் சொல்கிறான். பையனின் அத்தையோ, பெண் ஞானஸ்நானம் எடுத்தால்தான் வேதக்கோயிலில் (சர்ச்சில்) கல்யாணம் நடக்கும் என்கிறார். திருச்செந்தூரில் வைத்துத் தாலி கட்டினால் வருகிறேன், இல்லாவிட்டால் சொத்தில் காலணா கிடையாது என்பது என் கணவரின் பேச்சு. எது சட்டப்படி செல்லும்? மகளின் சாதிச் சான்றிதழும் சொத்துரிமையும் போய்விடுமா? கடைசியாக ஒன்று, கேட்கவே கூச்சமாக இருக்கிறது. நாளை பேரப்பிள்ளை பிறந்தால் அதன் நெற்றியில் நான் திருநீறு பூசலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் சுருக்கத்தைத்தான் மேலே கொடுத்திருக்கிறோம். நீங்கள் அனுப்பியது நான்கு பக்கம். அதில் மூன்றே முக்கால் பக்கம் சட்டமும் செய்தியும் சொத்தும். கடைசி இரண்டு வரிதான் திருநீறு. இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் குடும்ப நல வழக்குகளை நடத்திவரும் எனக்கு, அந்த இரண்டு வரியைக் கேட்பதற்காகத்தான் மற்றதையெல்லாம் எழுதினீர்களோ என்று தோன்றுகிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன். சட்டம் இதில் எளிதான பகுதி என்பதால் அதை முதலில் முடித்துவிடலாம்.

உங்கள் மகளுக்கு முன் இருக்கும் மூன்று வழிகளில் உங்கள் கணவர் சொல்லும் வழிதான் மிகவும் ஆபத்தானது. பையன் கிறிஸ்தவனாக இருக்கும்போது திருச்செந்தூரில் மட்டும் தாலி கட்டி, அதையே திருமணமாக வைத்துக்கொண்டால், அது சட்டத்தின் முன் திருமணமே ஆகாது. 1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டப்படி மணமக்கள் இருவருமே இந்துக்களாக இருக்க வேண்டும். 1967-இல் தமிழ்நாடு அரசு அச்சட்டத்தில் சேர்த்த சுயமரியாதைத் திருமணப் பிரிவுக்கும் இதே நிபந்தனை உண்டு. இது ஏட்டில் மட்டும் இருக்கும் விதியன்று. 1996-இல் ஆந்திரத்தில் ஒரு கத்தோலிக்க ஆண் ஓர் இந்துப் பெண்ணுக்குக் கோயிலில் தாலி கட்டி, இந்துத் திருமணச் சட்டத்தின் கீழ் பதிவும் செய்துகொண்டார். கையில் சான்றிதழ் இருந்தது. ஆனாலும் அந்தத் திருமணம் செல்லாது என்று 2008 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மகளுக்கு ஊரறியத் தாலி கட்டிவைத்து, அவளைச் சட்டத்தின் முன் மணமாகாதவளாக நிறுத்துவது உங்கள் கணவரின் விருப்பமாக இருக்காது. இதை அவரிடம் அப்படியே சொல்லுங்கள். அரசுப் பணியில் இருந்தவருக்குச் சான்றிதழின் அருமை தெரியும்.

இரண்டாவது வழி வேதக்கோயில். பையனின் அத்தை சொல்வது சட்டப்படியும் தவறு, அவர்களுடைய திருச்சபையின் விதிப்படியும் தவறு. 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்படி மணமக்களில் ஒருவர் கிறிஸ்தவராக இருந்தாலே போதும். கத்தோலிக்கத் திருச்சபையிலோ, ஞானஸ்நானம் பெறாத ஒருவரை மணக்க மறைமாவட்ட ஆயரிடம் (பிஷப்பிடம்) விலக்கு அனுமதி பெற வேண்டும். அதற்கான விண்ணப்பம் பங்குத்தந்தை (உள்ளூர்க் கோயிலின் பாதிரியார்) வழியாகப் போகும். அனுமதி வந்துவிட்டால் உங்கள் மகள் இந்துவாக இருந்தபடியே பீடத்தின் முன் நின்று தாலி வாங்கிக்கொள்ளலாம். பொதுவாக இத்தகைய திருமணத்தில் திருப்பலி என்னும் பூசை இருக்காது, திருமணச் சடங்கு மட்டும் நடக்கும். நான் சொல்வது கத்தோலிக்கரைப் பற்றி மட்டுமே; மற்ற சபைகளில் நடைமுறை சபைக்குச் சபை மாறும். அத்தை கேட்பது "ஊரில் மரியாதை" என்னும் வேறொரு பொருள். அதற்காக எடுக்கும் ஞானஸ்நானத்தை விவரம் அறிந்த பங்குத்தந்தை எவரும் விரும்பமாட்டார். நம்பிக்கை வந்து ஒருவர் மதம் மாறுவது அவருடைய உரிமை. மண்டபத் தேதிக்காக மாறுவது நீங்கள் கும்பிடும் சாமிக்கும் மரியாதை இல்லை, அவர்கள் கும்பிடும் சாமிக்கும் மரியாதை இல்லை.

அந்த விலக்கு அனுமதியோடு ஒரு வாக்குறுதியும் வரும். கத்தோலிக்கத் தரப்பில் இருப்பவர், பிறக்கும் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்துக் கத்தோலிக்க நம்பிக்கையில் வளர்க்கத் தம்மால் இயன்ற அனைத்தையும் செய்வதாக வாக்களிக்க வேண்டும். உங்கள் மகள் அப்படி எந்த வாக்குறுதியும் தர வேண்டியதில்லை. ஆனால் பையன் என்ன வாக்குக் கொடுத்திருக்கிறான் என்பதை அவளுக்குத் தெரியப்படுத்தியாக வேண்டும் என்பது திருச்சபையின் விதி. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். திருநீற்றுக் கேள்வியின் வேர் இங்கேதான் இருக்கிறது.

மூன்றாவது வழி 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். யாரும் மதம் மாற வேண்டியதில்லை, எந்தச் சடங்கும் கட்டாயமில்லை. மணமக்களில் ஒருவராவது குறைந்தது 30 நாள் வசித்துவரும் மாவட்டத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பதால், உங்கள் மகளுக்கு அது மதுரையாக அமையும். அந்த அறிவிப்பைத் திருமண அலுவலர் தம் அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டுவார். நிரந்தர முகவரி வேறு மாவட்டத்தில் இருந்தால் அங்குள்ள அலுவலகத்துக்கும் ஒரு நகல் அனுப்பப்பட்டு ஒட்டப்படும். ஆகவே மதுரையில் சத்தமில்லாமல் முடித்துவிடலாம் என்று நினைத்தால் அது நடவாது. 30 நாளுக்குள் யாரும் ஆட்சேபம் எழுப்பலாம். ஆனால் வயது, ஏற்கெனவே வாழ்க்கைத்துணை உயிரோடு இருப்பது, மனநிலை, விலக்கப்பட்ட உறவுமுறை போன்ற சட்டம் சொல்லும் காரணங்களுக்காக மட்டுமே எழுப்ப முடியும். "வேறு மதம்", "பெற்றோருக்குச் சம்மதமில்லை" என்பவை ஆட்சேபங்களே அல்ல. அறிவிப்புக் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள், மூன்று சாட்சிகளின் முன்னிலையில் திருமணத்தை முடித்துவிட வேண்டும்; தவறினால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்த மூன்றாவது வழி போதாதா என்று நீங்கள் கேட்கலாம். சட்டத்துக்குப் போதும், பையனுக்குப் போதாது. வேதக்கோயிலுக்கு வெளியே, ஆயரின் அனுமதியில்லாமல் பதிவு மட்டும் செய்துகொண்டால், அவனுடைய திருச்சபையின் கண்ணில் அவனுக்குத் திருமணம் ஆகவில்லை என்றே பொருள். ஞாயிறுதோறும் ஊரே எழுந்து நற்கருணை அப்பம் வாங்கப் போகும்போது அவன் மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்க வேண்டிவரும். அவன் தாயார் கோயில் திருமணத்தில் பிடிவாதமாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை வெறும் பிடிவாதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மகன் அந்தப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருப்பதை அவர் இப்போதே பார்த்துவிட்டார்.

ஆகவே என் யோசனை இதுதான். உங்கள் மகள் மதம் மாறாமல், ஆயரின் அனுமதியோடு வேதக்கோயிலில் திருமணம் நடக்கட்டும். 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி எந்த மதத்தில் நடந்த திருமணமானாலும் 90 நாளுக்குள் பதிவு செய்வது கட்டாயம். அதைத் தள்ளிப்போடாமல் செய்துவிடுங்கள். பிறகு உங்கள் ஊரில் வரவேற்பு வையுங்கள். மணமக்களைத் திருச்செந்தூருக்கு அழைத்துப்போய் மாலை போட்டுக் கும்பிட வைத்தாலும் திருமணச் சட்டம் எதுவும் கேட்காது, ஏனென்றால் திருமணம் ஏற்கெனவே முடிந்துவிட்டது. வேதக்கோயிலில் அவர்களும் தாலிதான் கட்டுகிறார்கள் என்பதை உங்கள் கணவருக்கு நினைவுபடுத்துங்கள். பங்குத்தந்தை மந்திரித்துக் கொடுக்க, பையன் கட்டுவான். அந்தத் தாலியின் முகப்பில் என்ன இருக்க வேண்டும், சிலுவையா வேறு எதுவுமா என்பதைப் பெண்ணும் பையனும் நகைக்கடைக்குப் போவதற்கு முன்பே பேசி முடித்துக்கொள்ள வேண்டும். கடையில் வைத்துப் பேசினால் கூட வந்த பெரியவர்கள் முடித்துவிடுவார்கள்.

இனி ஒன்பது மணிச் செய்தி. உங்கள் கணவர் கேட்டது பொய்யில்லை, ஆனால் நம் ஊர்க் கதையுமில்லை. உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், குஜராத் முதலிய மாநிலங்களில் திருமணத்துக்காக மதம் மாற்றுவதைக் குற்றமாக்கும் சட்டங்கள் 2020 இறுதியிலிருந்து வந்திருக்கின்றன. உத்தராகண்டில் 2025 ஜனவரி முதல் பொதுச் சிவில் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2002-இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் ஒன்று வந்தது. 2004-இல் அது திரும்பப் பெறப்பட்டது. இன்று இங்கே அப்படி ஒரு சட்டம் இல்லை. அதைவிட முக்கியமானது, உங்கள் மகள் மதமே மாறப்போவதில்லை என்னும்போது இந்த விவாதம் முழுவதும் உங்கள் வீட்டு வாசலுக்கு வெளியே நடப்பது. ஒரு சிறு யோசனையும் சொல்கிறேன்: சாப்பாட்டு நேரத்தை எட்டரை மணிக்கு மாற்றிப் பாருங்கள். அந்த விவாதங்களில் கத்துகிற நால்வரில் ஒருவருக்கும் உங்கள் மகளைத் தெரியாது. அவர்களை எதிரில் வைத்துக்கொண்டு ஒரு தகப்பன் மகளைப் பற்றி நிதானமாக யோசிப்பது நடக்கக்கூடிய காரியமில்லை.

மகன் சொன்ன வார்த்தையை நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். என்னால் அப்படிக் கடக்க முடியவில்லை. "ஊரில் நாலு பேரை வைத்துப் பேசிக்கொள்கிறேன்" என்ற பேச்சு நம் மாவட்டங்களில் எங்கே போய் முடிந்திருக்கிறது என்பதை நாம் இருவருமே அறிவோம். வயது வந்த இருவரின் திருமணத்தைத் தடுக்க ஊர்க்கூட்டமோ உறவுக்கூட்டமோ கூடுவது சட்டவிரோதம் என்று 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லி, அப்படிப்பட்ட இணையர்களுக்குப் பாதுகாப்புத் தரக் காவல்துறைக்கும் மாநில அரசுகளுக்கும் உத்தரவிட்டிருக்கிறது. மகனைத் தனியே அழைத்து, இது தங்கையின் மேல் உள்ள பாசமாகாது, வழக்காகும் என்று நீங்களே சொல்லுங்கள். கணவர் வழியாகச் சொல்ல வேண்டாம், வாட்ஸ்அப்பில் எழுதவும் வேண்டாம். அவன் குரல் உங்கள் காதில் விழும்படி நேரிலோ தொலைபேசியிலோ சொல்லுங்கள். அதற்குப் பிறகும் அவன் அதே பேச்சில் நின்றால், மகளிடம் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அவளும் பையனும் காவல்துறைப் பாதுகாப்புக் கேட்டு மனுக் கொடுக்க வழியிருக்கிறது. இந்த ஓர் இடத்தில் மட்டும் உங்கள் மௌனம் நடுநிலை ஆகாது.

சொத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் கணவர் தாமே சம்பாதித்ததை அவர் விருப்பப்பட்டவருக்கு உயில் எழுதலாம். அதை யாரும் தடுக்க முடியாது. பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கு மகனோடு சம பங்கு உண்டு. தமிழ்நாடு இதை 1989-இலேயே மணமாகாத மகள்களுக்குக் கொடுத்தது. 2005-இல் நாடு முழுவதற்கும் எல்லா மகள்களுக்கும் வந்தது. வேறு மதத்தவரை மணப்பதாலோ, ஏன், மதமே மாறிவிடுவதாலோ அந்தப் பங்கு போகாது. 1850-ஆம் ஆண்டிலேயே இதற்கென ஒரு சட்டம் இருக்கிறது. ஒரே ஒரு நுணுக்கம் உண்டு. மகள் மதம் மாறினால், அதற்குப் பிறகு பிறக்கும் பிள்ளைகள், வாரிசுரிமை திறக்கும் நேரத்தில் இந்துக்களாக இல்லாவிட்டால், இந்து உறவினர்களின் சொத்துக்கு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி வாரிசாக வர முடியாது. அத்தையின் யோசனையை ஏற்கக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சாதிச் சான்றிதழுக்கும் ஆபத்தில்லை. சாதி பிறப்பால் வருவது, திருமணத்தால் மாறுவதில்லை என்பதை நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. மகன் அனுப்பிய செய்தி, 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த புதுச்சேரி வழக்கைப் பற்றியதாக இருக்க வேண்டும். அதில் ஞானஸ்நானம் பெற்று, தொடர்ந்து வேதக்கோயிலுக்குப் போய்வந்த ஒரு பெண், வேலைக்காகத் தம்மை இந்து என்று சொல்லிப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டார், நீதிமன்றம் மறுத்தது. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவர் மட்டுமே பட்டியல் சாதியினராகக் கருதப்படுவார்கள் என்பதே அதன் அடிப்படை. உங்கள் குடும்பம் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மகள் மதமும் மாறவில்லை. அந்த வழக்குக்கும் உங்கள் வீட்டுக்கும் தொடர்பில்லை.

"எங்கள் சமுதாயம்தான்" என்று இரண்டு இடத்தில் அடிக்கோடிட்டு எழுதியிருந்தீர்கள். சாதியும் வேறாக இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுதியிருப்பீர்களா, அல்லது கணவரின் பக்கம் சேர்ந்திருப்பீர்களா என்ற கேள்வியை உங்களிடமே விட்டுவிட்டு மேலே போகிறேன்.

உங்கள் கணவரின் கோபத்தை நான் மத வெறுப்பாகப் பார்க்கவில்லை. கடிதத்தின் நடுவில், பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வமான சாஸ்தா கோயிலில் பங்காளிகள் எல்லோரும் கூடும்போது "மக எங்க?" என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று அவர் ஒரு நாள் முணுமுணுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அவருடைய பயம் அந்தப் பொங்கல் பானைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒன்றை அவரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லலாம். சொந்தத்திலேயே ஓர் இந்துப் பையனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தாலும், மகள் அன்று முதல் வாக்கப்பட்ட வீட்டுச் சாஸ்தாவுக்குத்தான் போயிருப்பாள். உங்கள் சாஸ்தா கோயிலில் அவளுக்கு அன்றும் வரி கிடையாது. நீங்கள் கூட உங்கள் பிறந்த வீட்டுச் சாமியை விட்டுவிட்டுத்தான் இந்த வீட்டுக்கு வந்தீர்கள், அதை யாரும் மதமாற்றம் என்று சொல்லவில்லை. ஆனால் இந்த வாதத்தை எடுக்கும்போது கவனமாக இருங்கள். இதே வழக்கத்தைப் பிடித்துக்கொண்டுதான் பையனின் அத்தை, "பெண்தானே மாற வேண்டும்" என்கிறார். வழக்கம் அப்படி இருந்தது என்பதைச் சொல்லிக் கணவரை ஆறுதல்படுத்துங்கள். அந்த வழக்கம் நியாயம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

இன்னொன்றையும் அவர் கவனிக்கவில்லை. இருவருக்கும் சட்டப்படி வயது வந்துவிட்டது, இருவரும் சம்பாதிக்கிறார்கள். பெற்றோரின் கையெழுத்து எங்கும் தேவையில்லை என்பது வங்கியில் வேலை பார்க்கும் பெண்ணுக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தும் இரண்டு மாதமாகக் காத்திருக்கிறாள் என்றால், அவள் காத்திருப்பது அப்பாவின் வாயிலிருந்து ஒரு வார்த்தைக்காக. பையனை ஒரு நாள் காலையில், இடையில் பேச ஆள் யாரும் இல்லாமல், தனியாக வந்து அவரைப் பார்க்கச் சொல்லுங்கள். சம்மதம் கேட்க வேண்டாம், சும்மா பார்த்துவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போகட்டும். இரண்டாவது முறை வரும்போது பேசிக்கொள்ளலாம்.

இப்போது திருநீற்றுக்கு வருகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் என் அலுவலகத்துக்கு ஒரு தம்பதி தனித்தனி ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அவர் கத்தோலிக்கர், அவள் இந்து. சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவு செய்துகொண்டு, பிறகு வேதக்கோயிலிலும் சடங்கை முடித்திருந்தார்கள். குழந்தைக்கு ஒன்பது மாதம். மொட்டையடித்துச் சந்தனம் அப்பியிருந்த தலை; சந்தனம் காய்ந்து என் மேசைக் கண்ணாடியின் மேல் பொடிப்பொடியாக உதிர்ந்தது. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் கோத்த சின்ன மாதா சுரூபம். அந்த ஒரு குழந்தையின் மேல் இரண்டு வீட்டாரும் தங்கள் முத்திரையைக் குத்தியிருந்தார்கள் என்பது பார்த்தவுடனே தெரிந்தது. அவள் அலுவலகம் போயிருந்த நாளில், கணவரும் மாமியாரும் அவளுக்குச் சொல்லாமல் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார்கள். இரண்டு வாரம் கழித்து, கணவருக்குச் சொல்லாமல் அவள் திருச்செந்தூரில் மொட்டை போட்டுவிட்டாள். நான் அவளிடம், "ஞானஸ்நானம் கொடுத்ததில் உங்களுக்கு என்ன வருத்தம்?" என்று கேட்டேன். "கொடுத்ததில் வருத்தம் இல்லை மேடம். கேட்டிருந்தால் நானே பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போய் நின்றிருப்பேன்" என்றாள். கணவரை அழைத்து மொட்டையைப் பற்றிக் கேட்டபோது ஏறக்குறைய அதையேதான் அவரும் சொன்னார். இரண்டு ஆண்டுகள் வழக்கு நடந்தது. பிரிந்துதான் போனார்கள்.

உங்கள் பேரப்பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. இந்தப் பேச்சுக்கு இதுதான் சரியான நேரம். பையன் ஆயருக்குக் கொடுக்கப்போகும் வாக்குறுதியின்படி, பெரும்பாலும் அந்தக் குழந்தைக்கு ஞானஸ்நானம் நடக்கும். இதை நீங்கள் இன்றே தெரிந்துகொள்ள வேண்டும், நாளைக்குத் தொட்டிலருகே நின்று தெரிந்துகொள்ளக் கூடாது. அதே சமயம், பிள்ளை வளர்ப்பில் உங்கள் மகளுக்கும் சம உரிமை உண்டு. "இயன்ற அனைத்தையும் செய்வேன்" என்ற அந்த வாக்கு, மனைவியின் மனத்தை மீறிச் செய்வேன் என்பதாகாது. அவர்கள் இருவரும் பெரியவர்கள் யாரும் இல்லாமல் உட்கார்ந்து பேசி, பேசியதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளட்டும். அதற்குச் சட்ட மதிப்பு இல்லை. ஆனால் எழுதும்போதுதான், இருவரும் ஒப்புக்கொண்டதாக நினைத்த பல விஷயங்களில் ஒப்புக்கொள்ளவில்லை என்பது தெரியவரும். குழந்தைக்கு என்ன பெயர், ஞானஸ்நானம் உண்டா, மொட்டையும் காதுகுத்தும் உண்டா, உண்டென்றால் எங்கே, யார் மடியில் உட்கார வைத்து என்பதெல்லாம் அதில் வர வேண்டும். அவள் பொட்டு வைப்பதை மாமியார் வீட்டில் யாரும் பேச்சாக எடுக்கக் கூடாது என்பதும், தவக்காலத்து (ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலத்து) வெள்ளிக்கிழமையும் புரட்டாசிச் சனிக்கிழமையும் அந்த வீட்டு அடுப்பில் என்ன வேகும் என்பதும் வர வேண்டும். கடைசியாக, யாரும் பேச விரும்பாத ஒன்று: அவளுக்கு ஏதாவது ஆனால் கல்லறைத் தோட்டத்தில் இடம் உண்டா, எந்த முறையில் அடக்கம் என்பதும். திருமணப் பேச்சில் சாவைப் பற்றி எழுதச் சொல்கிறாரே என்று முகம் சுளிக்காதீர்கள். இந்த ஒரு கேள்விக்கு விடை இல்லாமல், பிணத்தை முற்றத்தில் போட்டுக்கொண்டு இரண்டு தரப்பும் நின்ற வீட்டை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தத் தாளில் உங்கள் திருநீற்றுக்கும் ஒரு வரி இருக்கும். அதைச் சேர்க்கச் சொல்லி மகளிடம் நீங்களேதான் கேட்க வேண்டும். கூச்சப்பட வேண்டாம். "என் பேரனோ பேத்தியோ என் வீட்டுக்கு வந்தால், காலையில் குளிப்பாட்டித் திருநீறு பூசித்தான் எனக்குப் பழக்கம், அதில் அவனுக்கு ஆட்சேபம் உண்டா?" என்று இதே வார்த்தைகளில் கேளுங்கள். பையன் உண்டு என்றால், பூசாதீர்கள். மறைத்தும் பூசாதீர்கள், துடைத்துவிட்டு அனுப்பியும் வைக்காதீர்கள். இல்லை என்றால், தாராளமாகப் பூசுங்கள். அவன் இல்லை என்றுதான் சொல்வான் என்று நான் எதிர்பார்க்கிறேன். உங்கள் கடிதத்தின்படி, போன ஆவணியில் உங்களுக்குக் காய்ச்சல் கண்டபோது மகளோடு வந்து பார்த்துவிட்டு, கிளம்பும்போது பூசையறை வாசலில் செருப்பில்லாமல் நின்று கும்பிட்டவன் அவன்.

நடைமுறையில் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். பையனின் பங்குத்தந்தையைப் பார்க்க மகளோடு நீங்களும் போங்கள்; அத்தை வழியாக எதையும் கேட்டுக்கொள்ள வேண்டாம். பிறப்புச் சான்றிதழும் முகவரிச் சான்றும் புகைப்படமும் கையில் இருக்கட்டும். திருமணத் தயாரிப்பு வகுப்புக்கு இருவரும் போக வேண்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் வேதக்கோயிலில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசிப்பார்கள். ஆயரகத்திலிருந்து அனுமதி வரவும் நாளாகும். ஆகையால் மண்டபத்துக்கு முன்பணம் கட்டும் முன் பங்குத்தந்தையிடம் தேதியை உறுதி செய்துகொள்ளுங்கள். தவக்காலத்திலும், கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களான திருவருகைக் காலத்திலும் அவர்கள் திருமணத்தைத் தவிர்ப்பார்கள். ஆடியும் மார்கழியும் நமக்கு ஆகாது. இரண்டு பக்கமும் கழித்துப் பார்த்தால் தையின் தொடக்கமும் வைகாசியும் ஆவணியும் வசதியாக மிஞ்சும். இந்த மூன்றில் எது என்று மட்டும் உங்கள் கணவரைச் சொல்லச் சொல்லுங்கள்.